ராணி பிள்ளை பெற்ற ஊர்

மோன்சால் அரண்மனை,
1171, நவம்பர், புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்

ஓரியா அக்காவுக்கு,

தோதா எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் நான் சௌக்கியம். பனி தொடங்கினால் உனக்கு இருமல் பிடித்துக்கொள்ளுமே, இந்த வருஷம் எப்படி? அத்தான் உலைக்களமே கதி என்று கிடப்பார். பிள்ளைகள் என்னை மறந்திருப்பார்கள். நான் மலையிறங்கி இந்த அரண்மனைக்கு வந்து மூன்று வருஷம் ஓடிவிட்டது.

முதலில் நல்ல செய்தி. எங்கள் ராணியம்மா உண்டாகியிருக்கிறார். இந்த மூன்று வருஷமும் என்னவெல்லாம் பேசினார்கள்! ஆல்தா ராணி கடலோர நாட்டுப் பெண், உடம்பில் உப்புத்தண்ணீர்தான் ஓடுகிறது, அதில் எதுவும் முளைக்காது என்று ஒரு பிரபு என் காதுபடவே சொன்னார். இப்போது அதே ஆள் தரையில் நெற்றி முட்டுமளவுக்குக் குனிகிறார்.

ராணியம்மாவுக்கு நம் பாஷையைக் கற்றுக்கொடுக்கும் வேலை எனக்கு வந்தது என்று எழுதியிருந்தேனே, அதனால் நடக்கும் கூத்தைக் கேள். எனக்குத் தெரிந்தது நம் எஸ்கோரா ஊர்ப் பேச்சுதானே. தலைவாரிக்கொண்டே நம் தெருவையும் உன் வீட்டையும் பக்கத்து வீட்டு ஆட்டையும் கதைகதையாகச் சொல்லித்தான் பேசவைத்தேன். போன வாரம் விருந்தில் பிஷப், "கௌதாரி ருசியாக இருக்கிறதா மகாராணி?" என்று கேட்டார். ராணியம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, "ஏன் சாமி, உங்க தட்டுல வைக்கலியா? யாருடா அது, சாமிக்கு ஒரு கால் பிச்சுப் போடு!" என்றார். சபை உறைந்துபோனது. மன்னர் மட்டும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அக்கா, மன்னர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. தண்டல்காரர் லோப்பே நம் ஊர்ப் பாலத்தடியில் பிணமாகக் கிடந்த செய்தி மறுநாளே வந்துவிட்டது. விலாவில் கத்திக்குத்தாமே? மன்னரின் ஆளைத் தொட்டால் மன்னரையே தொட்டதாகும் என்கிறார்கள். செய்தவன் பெயரை ஊர் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வசந்தத்தில் பாஸ்காத் திருநாள் கழிந்து பனி உருகிப் பாதை திறந்ததும் படை வரும் என்று பேச்சு. யார் செய்தது? உனக்குத் தெரியுமா?

பதிலைக் கோவேறு கழுதைக்காரர் சிமேனோவிடமே கொடுத்தனுப்பு. வேறு யார் கையிலும் கொடுக்காதே.

உன் தங்கை,
தோதா

*

எஸ்கோரா,
டிசம்பர், கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய வாரம்

தங்கை தோதாவுக்கு,

உன் கடிதமும் நீ அனுப்பிய மிளகும் வந்தன. இருமல் இருக்கிறது, நானும் இருக்கிறேன். பிள்ளைகள் உன்னை மறக்கவில்லை. சின்னவன் உன் பெயரை ஒரு ஆட்டுக்குட்டிக்கு வைத்திருக்கிறான்.

பனி ஜன்னல் மட்டத்துக்கு ஏறிவிட்டது. ரொட்டிக்கு மாவு போதும், சீஸும் போதும். செஸ்ட்நட் கொட்டை இந்த வருஷம் புழுத்துப்போயிற்று.

லோப்பே விஷயம் கேட்டாய். அந்த ஆள் அறுவடை முடிந்து வந்தபோது வரியோடு நிறுத்தவில்லை. ஊருக்கே பொதுவாக இருந்த பொலிகாளையை அவிழ்த்துக்கொண்டு போனான். தடுத்த பங்குச் சாமியாரைப் பிடித்துத் தள்ளினான், அவருக்கு வயது எழுபதுக்கு மேல். பாலத்தில் கூட்டம் கூடியது, கூச்சல், இருட்டு. யார் குத்தினார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. ஊர்ச்சபையில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். நானும் அதையேதான் சொல்கிறேன்.

உன் அத்தான் நலம். உலையடியில் கையைக் கிழித்துக்கொண்டார், ஆறிவருகிறது. இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை.

ராணிக்கு என் வணக்கம் சொல். மசக்கைக்குக் காய்ந்த புதினா நல்லது, ஒரு கட்டு வைத்திருக்கிறேன்.

ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும்.
ஓரியா

*

மோன்சால்,
1172, ஜனவரி, மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து

அக்காவுக்கு,

நான் நலம். புதினா ராணியம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அத்தானின் கை ஆறிவிட்டதா? எந்தக் கை என்று நீ எழுதவில்லை.

இங்கே சபை கூடியது. நான் திரைக்குப் பின்னால் ராணியம்மாவின் சால்வையை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். பிரபுக்கள் ஒவ்வொருவரும் எழுந்து, ஒரு மலையூரை விட்டுவைத்தால் நாளைக்கு ஒவ்வொரு மலையூரும் கத்தியெடுக்கும் என்றார்கள். கடைசியில் மன்னர், பாஸ்காவுக்குள் பெயர் வராவிட்டால் எஸ்கோராவைக் கொளுத்துவேன், ஆண்கள் யாரும் மிஞ்சமாட்டார்கள் என்று சிலுவையைத் தொட்டு ஆணையிட்டார்.

ராணியம்மா எழுந்தார். எல்லோர் முன்னாலும் மண்டியிட்டார், அந்த வயிற்றோடு. "ஐயா, வேணாங்க. அந்த ஊரு எனக்குத் தெரிஞ்ச ஊரு" என்றார்.

"நீ அந்த ஊரைப் பார்த்ததே இல்லையே?" என்றார் மன்னர்.

"பாக்கல. ஆனா நான் பேசுற ஒவ்வொரு வார்த்தையும் அங்கேருந்துதாங்க வந்துச்சு."

மன்னருக்கு முகம் மாறியது. கையைப் பிடித்து எழுப்பினார். ஆனால், "வேறு எது வேண்டுமானாலும் கேள், ஆல்தா. இதைக் கேட்காதே. ஆணையிட்டுவிட்டேன்" என்றார். அதோடு முடிந்தது.

நான் அழுததை ராணியம்மா பார்த்துவிட்டார். "அழுதா மூக்குதான் சிவக்கும்டீ, போய் எனக்குச் சீப்பு எடு" என்றார்.

அக்கா, பிள்ளைகளையாவது கீழே அனுப்பிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

தோதா

*

எஸ்கோரா,
பிப்ரவரி, மெழுகுவர்த்தித் திருநாள்

தோதாவுக்கு,

எல்லோரும் சுகம். இந்தப் பனியில் பிள்ளைகளை எங்கே அனுப்புவது? ஓநாய்க்கா?

ஊர்ச்சபை மூன்று முறை கூடிவிட்டது. ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் தப்பலாம் என்று மாவுமில்காரன் வாயெடுத்தான். அவன் பெண்டாட்டியே அவன் வாயை மூடினாள். "சொல்லிட்டு அப்புறம் அந்த வீட்டு வாசல் வழியா எப்படிய்யா நடப்பே?" என்று கேட்டாள்.

உன் ராணி மண்டியிட்டதைப் படித்துக் காட்டினேன். மறுபடியும் படிக்கச் சொன்னார்கள். பெரிய இடத்துப் பெண் இவ்வளவு செய்ததே பெரிது. அதற்கு மேல் அவளால் என்ன முடியும்?

வலது கை. ஆறிவிட்டது.

ஓரியா

*

மோன்சால்,
மார்ச், தவக்காலம் மூன்றாம் வாரம்

அக்காவுக்கு,

சுகம். ராணியம்மாவுக்கு உடம்பு சரியில்லை. கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருக்கிறது. வெளிச்சம் ஆகாது, பேச்சுச் சத்தம் ஆகாது, கணவர் முகம் பார்ப்பதும் இந்தச் சமயத்தில் ஆகாது என்று அவர் நாட்டு வழக்கம். பிஷப்பே ஒத்துக்கொண்டார். நானும் அறையைவிட்டு அசைவதில்லை.

சிமேனோ கம்பளிக்கட்டு எடுக்க மேலே வருகிறார். உன் பெரிய கட்டிலுக்குப் புதிதாக வைக்கோல் மாற்று. ஆட்டுத்தோல் போர்வையை வெயிலில் காயவை. கேள்வி கேட்காதே.

எனக்காகச் செபம் செய். எனக்காக மட்டும் இல்லை.

தோதா

*

எஸ்கோரா,
ஏப்ரல், பாஸ்காவுக்கு அடுத்த வியாழன்

தோதா, என் கண்ணே,

நீ எப்படி இருக்கிறாய்? உயிரோடு இருக்கிறாயா? திரைக்குள்ளே ராணி என்று படுத்திருந்தது நீதானே? இப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்குகிறது. உன்னைப் பெற்ற வயிறு நல்ல வயிறு.

நடந்ததைச் சொல்கிறேன். பொறுமையாகப் படி.

குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் நடுப்பகலில் சிமேனோவின் கழுதைகள் ஊருக்குள் வந்தன. ஒன்றின் மேல் முக்காடு போட்ட ஒரு பெண், நிறைமாத வயிறு, உதடெல்லாம் வெடித்திருந்தது. கூட ஒரு வயதான பணிப்பெண், பெர்த்தா என்று பெயர், ஒரு வார்த்தை நம் பாஷை தெரியவில்லை. கம்பளி வியாபாரியின் விதவை, புனித யாத்திரை போகிறவள் என்று சிமேனோ சொன்னார். நான் வாசலில் நின்றிருந்தேன். அந்தப் பெண் என் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"கோணப் புகைபோக்கி. இந்த வீடுதான்" என்றாள். அச்சு அசல் நம் தெருப் பேச்சு. "பக்கத்து வீட்டு ஆடு இன்னமும் வேலி தாண்டுதா?"

"நீங்க யாரும்மா?" என்றேன்.

"ஒந்தங்கச்சி வளத்த கிளி. எறக்கி விடு ஓரியா, இடுப்பு விட்டுப்போச்சு."

படுக்கவைத்த பிறகுதான் பெர்த்தா ஜாடையில் காட்டினாள். மேலே ஏறத் தொடங்கியதிலிருந்து குழந்தை அசையவே இல்லையாம். ராணிக்கு அது தெரியும். தெரிந்தும் திரும்பவில்லை. நான் வயிற்றில் கைவைத்தபோது என்னைப் பார்த்தாள். "செத்திருந்தாலும் இங்கதான் பொறக்கணும். நான் செத்த புள்ளையப் பெத்த ஊரையும் அவரு கொளுத்தமாட்டாரு" என்றாள். தோதா, நான் எத்தனையோ பிரசவம் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை.

பாஸ்காவுக்கு மூன்று நாள் முன், பெரிய வியாழனன்று வலி எடுத்தது. அவள் யாரென்று அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது, எல்லோரும் என் வீட்டு முன்னால் பனியில் நின்றார்கள். இளவரசன் பிறந்தால் தப்பினோம், வாரிசு பிறந்த மண்ணை எந்த ராஜாவும் எரிக்கமாட்டான் என்பதுதான் எல்லார் கணக்கும். அவள் கணக்கும் அதுதான்.

வெயில் ஏறும் நேரத்தில் குழந்தை பிறந்தது. உயிரோடு, வீறிட்டு. பெண்.

ஜன்னல் வழியாகச் சொன்னேன். மாவுமில்காரன் தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்துவிட்டுப் போனான். ராணி சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். பெண் என்பதற்காக அழவில்லை. "ஒங்களை ஏமாத்திட்டேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நான் கஞ்சி கொடுத்தேன். குடித்தாள். குடித்து முடிக்கும்போது கண் காய்ந்திருந்தது. "சாமியாரக் கூப்புடு" என்றாள்.

சாமியார் வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "சாமி, ஞானஸ்நானத்துல புள்ளைய ஏந்துறவங்க அந்தப் புள்ளையப் பெத்தவனுக்கு என்ன முறை?"

"சொந்தந்தான் மகாராணி. கூடப்பொறந்தவங்க மாதிரி. அவங்களுக்குள்ள ரத்தம் சிந்தினா பெரிய பாவம்."

"எத்தனை பேரு ஏந்தலாம்?"

"ஒருத்தர், ரெண்டு பேரு. மூணு பேரு வரைக்கும் பாத்திருக்கேன்."

"ஊரே ஏந்தினா?"

"வழக்கம் இல்லையே."

"பாவம்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

"அப்படி... எழுதல."

"அப்ப தண்ணியக் காய்ச்சச் சொல்லுங்க. புள்ளைக்குச் சளி புடிக்கும்."

பாஸ்கா காலையில் கோயிலில் நடந்தது. பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் கோயிலுக்குள் வரக்கூடாது அல்லவா, அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஊர் முழுக்க வரிசையில் வந்தது. ஆடு மேய்க்கிறவன், தோல் பதனிடுகிறவன், எட்டு வருஷமாகப் பேசாத இரண்டு அண்ணன்தம்பிகள், எழுந்து நடக்க முடியாத கிழவர்கள் தோளில் தூக்கப்பட்டு. ஒவ்வொருவரும் பூக்கொத்துப்போல இருந்த பிள்ளையைக் கையில் வாங்கி, "இவள் என் மகள்" என்று சொல்லி அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். சாமியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மரியா என்று பெயர். ஒரே நாளில் இத்தனை தகப்பன்களும் தாய்களும் கிடைத்த பிள்ளை உலகத்தில் வேறு உண்டா? நான் ஏந்தியபோது என் முகத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

கீழே பள்ளத்தாக்கில் கொடிகள் தெரிகின்றன. சிமேனோ ஆட்டுப்பாதை வழியாக இறங்குகிறார், இதைக் கொண்டுவருவார். இனி என்ன ஆகும் என்று தெரியாது. ஆனால் தோதா, எனக்குப் பயம் போய்விட்டது. பயப்பட இடமில்லாதபடி நெஞ்சு நிறைந்திருக்கிறது.

உன் அக்கா,
ஓரியா

*

மோன்சால்,
ஏப்ரல், தேதி தெரியவில்லை

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். நீ?

பாஸ்காவுக்கு மறுநாள் மன்னர் பொறுக்கமுடியாமல் திரையை விலக்கினார். நான் ராணியம்மாவின் தொப்பியோடு எழுந்து உட்கார்ந்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். "எங்கே?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பாதையிலா? அந்த உடம்போடா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு எழுந்து குதிரைகளுக்கு ஆணை கொடுக்கப் போனார். கோபமா பயமா என்று அவர் முதுகைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை.

என்னை ஒரு அறையில் வைத்திருக்கிறார்கள். சாப்பாடு வருகிறது. சிமேனோவின் மருமகள் சலவைக்கு வருகிறாள், அவளிடம் இதைக் கொடுக்கிறேன். ஊரிலிருந்து புகை தெரிகிறதா என்று அவளைத் தினமும் கேட்கிறேன். இங்கிருந்து மலையே தெரியாது என்கிறாள்.

ஒரு வரி எழுது.

தோதா

*

எஸ்கோரா,
மே முதல் வாரம்

தோதாவுக்கு,

ஊர் நிற்கிறது. பிள்ளைகள் நலம். நான் நலம் என்றுதான் எழுத வேண்டும்.

படை ஆற்றங்கரையில் நிற்கும்போதே ராணி உன் அத்தானைக் கூப்பிட்டனுப்பினாள். ஞானஸ்நானத்தில் அவர் வரிசையில் வராமல் தூண் ஓரம் நின்றதை அவள் பார்த்திருந்தாள். இனி உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? நீயும் எந்தக் கை என்று கேட்டபோதே தெரிந்துகொண்டாய். அவர்தான். சாமியார் கீழே விழுந்ததைப் பார்த்ததும் பாய்ந்தார். கத்தி அவர் அடித்த கத்தி.

நான் பக்கத்தில் நிற்கும்போதே ராணி சொன்னாள்: "ஃபோர்த்தூன், ஊரைக் காப்பாத்த என்னால முடியும். ஒன்னைக் காப்பாத்த முடியாது. கொன்னவன ஒளிச்சு வச்ச ஊருன்னு இருக்கிற வரைக்கும் எம்புருஷன் பக்கம் நியாயம் இருக்கு. அந்த நியாயத்த அவர் கையிலேருந்து எடுத்துறணும். நான் இழுத்துக்கிட்டுப் போகமாட்டேன். நீயா வரணும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. முகம் கழுவப் போனார்.

ஊர் வாசல் திறந்தது. ராணி என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனாள், குழந்தையை வேறு யாரிடமும் தரவில்லை. எதிரே மன்னர், குதிரைமேல், பின்னால் இரும்புச் சட்டைகளாக. தீப்பந்தம் ஏந்தினவர்களும் இருந்தார்கள்.

"ஆணா?" என்றார் மன்னர்.

"பொண்ணு" என்றாள் இவள். "நல்லா இருக்கா. ஒங்க மூக்கு."

"விலகி வா" என்றார் மன்னர்.

"வர்றேங்க. அதுக்கு முன்னாடி ஒங்க சொந்தக்காரங்களுக்கு ஒரு வணக்கம் சொல்லுங்க. இவ்வளவு நேரமா வாசல்ல நிக்கவச்சிருக்கீங்க." அப்படிச் சொல்லிவிட்டு எங்களைக் கையால் காட்டினாள். "அத்தனை பேரும் மரியாவ ஏந்தினவங்க. அத்தனை பேரும் அவளுக்கு அப்பன் ஆத்தா. கொளுத்துறதா இருந்தா ஒங்க குடும்பத்தத்தான் கொளுத்தணும்."

படையில் யாரோ சிரித்துவிட்டு இருமினான். மன்னர் பிஷப்பைப் பார்த்தார். பிஷப் வெகுநேரம் யோசித்தார். அந்தக் கௌதாரிக் காலை நினைத்தாரோ என்னவோ. "செல்லும், மன்னா. வழக்கத்துக்கு மிஞ்சியது, ஆனால் செல்லும்" என்றார்.

"அப்படியென்றால் கொன்றவனும் எனக்குச் சொந்தமா?" என்று மன்னர் கத்தினார்.

"இல்லை" என்றது ஒரு குரல். உன் அத்தான் கூட்டத்திலிருந்து வெளியே வந்தார். "நான் ஏந்தல மகாராஜா."

"ஏன் ஏந்தவில்லை? ஏந்தியிருந்தால் தப்பியிருப்பாயே?"

"கை சுத்தமில்ல. பச்சப்புள்ள."

மன்னர் குதிரையை விட்டு இறங்கினார். உன் அத்தானின் முன்னால் வந்து நின்று முகத்தைப் பார்த்தார். பிறகு ராணியிடம் போய்க் குழந்தையை வாங்கினார். அதைப் பார்த்துக்கொண்டேதான் தீர்ப்புச் சொன்னார். தூக்கு இல்லை. குத்திய கத்தியை உருக்கி வளையமாக்கி வலது கையில் பூட்ட வேண்டும். அது தேய்ந்து தானாக உடையும்வரை சந்தியாகோ திருத்தலத்துக்கும் ரோமாபுரிக்கும் கால்நடையாக நடக்க வேண்டும். ஊர் எல்லையை மிதிக்கக்கூடாது.

நம் ஊரில் கொல்லர் ஒருவர்தான். தன் வளையத்தைத் தானே அடித்தார். நான் துருத்தி ஊதினேன். நன்றாகக் கனமாக அடித்தார். மெலிதாக அடியுங்கள் என்று நான் சொன்னேன். கேட்கவில்லை.

போய்விட்டார்.

ஓரியா

*

மோன்சால்,
ஜூன், புனித யோவான் திருநாள்

அன்பான அக்காவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. அத்தானை நினைத்தால் ஒரு கணம் அழுகை வருகிறது, மறுகணம் தலை நிமிர்கிறது. நீ சாப்பிடுகிறாயா? உலைக்களத்தை யார் பார்க்கிறார்கள்?

எனக்கு ஒரு குறையும் இல்லை. வேலைதான் அதிகம், அதனால்தான் வர முடியவில்லை.

ராணியம்மா திரும்பிவந்ததைச் சொல்லவேண்டும். சமையல்கட்டுப் பெண்கள், தோட்டக்காரர்கள், காவலாளிகள் எல்லாரும் முற்றத்தில் கூடிவிட்டார்கள். ஒருவரும் கத்தவில்லை, கோயிலில் நிற்பதுபோல நின்றார்கள். ஒரு கிழட்டுக் காவலாளி ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டான். மன்னர் ராணியம்மாவோடு பேசுவதில்லை. ராணியம்மா கையிலிருந்த அரச முத்திரையையும் வாங்கிக்கொண்டார். ஆனால் தினமும் குழந்தையைப் பார்க்க வருகிறார், வந்து பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். ராணியம்மாவும் பேசாமல் தைத்துக்கொண்டிருக்கிறார். நான் பார்த்த மனுஷிகளில் இவரைப்போல...

*(இதற்குப் பதில் வரவில்லை. ஜூலையிலும் தோதா எழுதினாள். ஆகஸ்டு முடியும்போது வந்தது இது:)*

தோதாவுக்கு,

எல்லோரும் சுகம். அந்த மனுஷியைப் பற்றி இனி எனக்கு எழுதாதே. அவள் ஊரைக் காப்பாற்றினாள், உண்மை. ஊரில் யாரைக் கேட்டாலும் அவளை மாதாவுக்கு அடுத்தபடி வைக்கிறார்கள். காலியான கட்டிலில் படுப்பவள் நான்.

ஓரியா

*

மோன்சால்,
அக்டோபர், திராட்சை அறுப்பு முடிந்து

அக்காவுக்கு,

நீ எழுதாதே என்றாய். ஒரு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன், பிறகு உன் இஷ்டம்.

கீழைப் பள்ளத்தாக்கில் இரண்டு கிராமங்கள் மேய்ச்சல் நிலத்துக்காக வெட்டிக்கொண்டன. சபையில் பிரபுக்கள் மறுபடியும் தீப்பந்தங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மன்னர் கேட்டுக்கொண்டே இருந்தார். திடீரென்று எழுந்து போய், ஆறு மாதமாகப் பேசாத மனைவியின் அறைக்கதவைத் தட்டினார். நான்தான் திறந்தேன். வாசலிலேயே நின்று, "நீ என்ன சொல்கிறாய்?" என்றார்.

ராணியம்மா தையலைக் கீழே வைத்தார். "மொதல்ல ரெண்டு ஊரு பொம்பளைங்களையும் கூப்புட்டுக் கேப்போங்க" என்றார்.

கேட்டார்கள். ஒரு கூரைகூட எரியவில்லை. முத்திரை திரும்பி வந்துவிட்டது.

ராணியம்மா உன் ஊருக்கு வரப்போகிறார். உன்னைப் பார்க்கத்தான். கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் பாடு. என்னால் கூட வரமுடியாது, வேலை இருக்கிறது.

தோதா

*

எஸ்கோரா,
1172, நவம்பர்

என் தோதாவுக்கு,

இருமல் போன வருஷத்துக்குப் பரவாயில்லை. பெரியவன் உலைக்களத்தில் ஆணி அடிக்கப் பழகுகிறான், கோணலாக அடிக்கிறான்.

வந்தாள். கதவைத் திறந்தேன், ஆனால் சிரிக்கவில்லை. வெளியே ஊரே கூடிப் பிள்ளையைக் கைமாற்றிக்கொண்டிருந்தது, யார் மடி என்று சண்டை. இவள் அடுக்களைக்குள் வந்து, கேட்காமலே முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து செஸ்ட்நட் உரிக்க ஆரம்பித்தாள். உரிக்கத் தெரியவில்லை, பாதிப் பருப்பு தோலோடு போயிற்று.

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க வீட்டுக்காரரப் போகச் சொன்னது நீங்கதான்" என்றேன்.

"ஆமா" என்றாள். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தே சொன்னாள்.

"வேற வழி இருந்திருக்கும்."

"தேடுனேன் ஓரியா. இன்னிக்கு வரைக்கும் தேடுறேன். கெடைக்கல. மறுபடியும் அந்த எடத்துல நின்னா மறுபடியும் சொல்லுவேன்."

மன்னிப்புக் கேட்பாள், நான் மறுக்கலாம் என்று ஆறு மாதமாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை. பொய் சொல்லி என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை. நான் கத்தினேன், தோதா. ஒரு ராணியைப் பார்த்து, பானை உருளும்படி கத்தினேன். அவள் அசையாமல் உட்கார்ந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். நான் ஓய்ந்து உட்கார்ந்ததும் சொன்னாள்: வழியிலுள்ள ஒவ்வொரு மடத்துக்கும் அவள் ஆளனுப்பி விசாரித்துக்கொண்டே இருக்கிறாளாம். உன் அத்தான் சந்தியாகோ போய்ச் சேர்ந்துவிட்டார். கால் புண் ஆறியது. திரும்பும் வழியில் ஒரு மடத்தில் கதவுக்குக் கீல் அடித்துக் கொடுத்திருக்கிறார். அடுத்து ரோமாபுரி. உயிரோடு இருக்கிறார் என்ற வார்த்தையை ஏப்ரலுக்குப் பிறகு முதல்முறையாகக் கேட்டேன்.

உன்னைப் பற்றியும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேலையாவது ஒன்றாவது! திரைக்குள் படுத்த குற்றத்துக்கு ஒரு வருஷம் அரண்மனை வாசலைத் தாண்டக்கூடாது என்று தண்டனையாமே? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா, கள்ளி? வரும் பாஸ்காவோடு அது முடிகிறது என்றாள். முடிந்த அன்றே புறப்பட்டு வா.

சாப்பாடு ஆனதும் பிரசவித்த அந்தக் கட்டிலிலேயே பிள்ளையை அணைத்துக்கொண்டு சாய்ந்தாள், பேசிக்கொண்டே தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. முக்காடு நழுவி நெற்றி முழுக்கத் தெரிந்தது, ஒரு சுருக்கம் இல்லை. நான் பெர்த்தாவிடம் விரலால் ஜாடை காட்டி வயதைக் கேட்டேன். அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள், பிறகு ஒரு விரல் குறைத்து இன்னொரு தடவை விரித்தாள்.

பத்தொன்பது.

உன்னைவிடச் சின்னவள், தோதா. நான் போர்வையை இழுத்து அவள் தோள்வரை மூடிவிட்டு, அவள் எழும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

உன் அக்கா,
ஓரியா